பேசாத சாமியின் நாற்காலி

அடி அண்ணாமலை,
15.10.2023

அன்புள்ள அண்ணிக்கு,

கவிநிலா எழுதுவது. நான் சுகம், இருமல் விட்டுவிட்டது. மலைக்குளிரில் நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணன் மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்கிறாரா என்று கேட்கமாட்டேன். கேட்டால் இரண்டு பேருமே கோபித்துக்கொள்கிறீர்கள்.

போனில் பேச முடியாத விஷயம் என்பதால் கடிதம். உங்கள் ஜவ்வாது மலையில் சிக்னல் பிடிக்கப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏற வேண்டும், ஏறினால் மற்ற டீச்சர்களும் கூடவே ஏறிவிடுகிறார்கள் என்று சொன்னீர்களே. அவர்கள் காதில் விழ வேண்டிய பேச்சில்லை இது.

என் மூன்றாவது ஓவியக் கண்காட்சியை இந்த ஊரிலேயே வைக்கப்போகிறேன். முதலாவது அம்மாவின் மூட்டுவலி. "எம் முட்டிய மெட்ராஸ் ஜனம் பூரா பாக்க வெச்சிட்டா" என்று அம்மா இன்றுவரை கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் பெருமையாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது, அப்பா போன பிறகு வீட்டில் தங்கிவிட்ட துக்கம். அதைப் புதுச்சேரியில் வைத்தேன். மூன்றாவது, மனதுக்கு வரும் நோய். அதில் ஒரு முழு அறை அண்ணனுடையது.

வேங்கிக்கால் வீட்டில் பதினொரு மாதம் அண்ணன் பேசாமல் உட்கார்ந்திருந்தாரே, அந்தப் பிரம்பு நாற்காலி அம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது. அதை ஒரு ஜன்னலைப் பார்த்துப் போட வேண்டும். பக்கத்தில், அவர் தொடாமல் ஆறிப்போன காபி டம்ளர்கள். அப்போது நான் சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தபோதெல்லாம் அவர் முதுகை வரைந்தேன். முகத்தை வரையத் துணிவு வரவில்லை. நாற்பத்தொரு முதுகுகள் என்னிடம் இருக்கின்றன.

அண்ணன் சம்மதித்தால்தான் இந்த அறை. வேண்டாம் என்றால் இல்லை. அவருக்கே நேராக எழுதலாம் என்று மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நல்ல நேரம் பார்த்து நீங்கள் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
கவிநிலா

•

ஜமுனாமரத்தூர் மலை,
2.11.2023

அன்பு கவிக்கு,

உன் அண்ணி தென்றல் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது பெயின்ட் டப்பாவைப் பார்த்தே பசியாறுகிறாயா? குளிர் தொடங்கிவிட்டது. காலை வழிபாட்டில் பிள்ளைகள் வரிசையாக நிற்பதில்லை, வெயில் விழும் இடத்தில்தான் நிற்கிறார்கள். நானும் அங்கேயேதான் நிற்கிறேன்.

உன் அண்ணனுக்கு மகளிர் குழுவின் சாமை மில்லில் மெஷின் ஓட்டும் வேலை நிலைத்துவிட்டது. பத்து வருடம் வகுப்பில் நின்று கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு இங்கே 'மெஷின் அண்ணன்' என்று பெயர். மாலையில் உமி தூசியோடு வருவார். நான் தூரத்திலேயே நிறுத்தித் துண்டால் அடிப்பேன். கொல்லையில் அவரைக் கொடி போட்டிருக்கிறார், பூ விட்டிருக்கிறது.

நீ கேட்டதை மறக்கவில்லை. நேரம் பார்க்கிறேன். எங்கள் எல்லோரையும் சுவரில் மாட்டுகிறாயே, உன்னை எப்போது மாட்டப்போகிறாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
தென்றல்

•

அடி அண்ணாமலை,
20.11.2023

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். எனக்குக் குறையொன்றும் இல்லை. அவரைப் பூவைப் படித்ததும் மனம் நிறைந்தது. தீபத்துக்கு இன்னும் ஆறு நாள்தான். ஊர் பிதுங்குகிறது. பால் வாங்கக்கூடச் சந்து சந்தாகப் போய்வருகிறேன்.

இடம் கிடைத்துவிட்டது. கிரிவலப் பாதை மேலேயே சுப்பிரமணி என்பவரின் பழைய சத்திரம். மூன்று அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக. முன் இரண்டில் அம்மாவின் முட்டி, அப்பாவின் துக்கம் என்று பழைய ஓவியங்கள். கடைசி அறையின் ஜன்னலைத் திறந்தால் மலை அப்படியே உள்ளே வந்து நிற்கிறது. அண்ணனுடைய அறை அதுதான் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

சுப்பிரமணிக்கு விளங்க வைப்பதுதான் பாடாகிவிட்டது.

"கண்காட்சினா, ராட்டினம் உண்டா? டெல்லி அப்பளம் போடுவீங்களா?"

"படங்க மட்டும்தாங்க."

"வெறும் படமா? எவன் வருவான்? சரி, பௌர்ணமி அன்னிக்கு மட்டும் கதவ நல்லா தொறந்து வையிம்மா. கால் வலிக்குதுன்னு ஜனங்க உள்ள வந்து ஒக்காரும். அப்பிடியே ஒன் படத்தையும் பாத்துக்கும்."

பிப்ரவரி பத்தாம் தேதி திறப்பதாகச் சொல்லிவிட்டேன். அண்ணன் என்ன சொன்னார்?

பிரியமுடன்,
கவிநிலா

•

ஜமுனாமரத்தூர் மலை,
28.12.2023

அன்பு கவிக்கு,

நலம். உன் நலமும் அதுவாகவே இருக்கட்டும். இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. அரையாண்டுத் தேர்வு, அதன் பிறகு விடுதியில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், இடையில் ரோட்டில் மரம் விழுந்து இரண்டு நாள் பஸ் இல்லை.

உன் அண்ணன் நேற்று மில்லிலிருந்து பாடிக்கொண்டே வந்தார். சுருதி இல்லை, தாளம் இல்லை. எதிரே வந்த மாடு விலகி நின்றது. "பாருடி, மாடே மரியாத குடுக்குது" என்றார். நான் சிரித்துச் சிரித்துக் குடத்தைச் சாய்த்துவிட்டேன்.

இப்படி இருக்கிற மனிதரிடம் எந்த வாயால் அந்த நாற்காலியைப் பற்றிக் கேட்பது, சொல்.

அத்தையின் முழங்காலுக்கு மலைத்தேன் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். தடவ வேண்டாம், சாப்பிடச் சொல்.

தென்றல்

•

அடி அண்ணாமலை,
9.1.2024

அன்புள்ள அண்ணிக்கு,

தேன் வந்து சேர்ந்தது. அம்மா தடவியும் பார்த்துவிட்டார், சாப்பிட்டும் பார்த்துவிட்டார். எறும்புதான் வந்தது என்கிறார். மற்றபடி எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் அப்படித்தான் என்று உங்கள் மாடு சொல்லிவிட்டது.

நேற்று நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கினேன்.

"இத்த எதுக்குடி எடுத்துனு போற? அடுப்புல வெக்க வேண்டியது" என்றார் அம்மா.

"அப்புறம் ஏம்மா சாக்கு சுத்திப் பத்திரமா வெச்ச?"

அம்மா உள்ளே போனார். நாரும் சோப்புத் தண்ணீரும் கொண்டுவந்து ஒவ்வொரு பிரம்பு இடுக்காகத் தேய்த்துக் கழுவினார். வெயிலில் காயவைத்து, காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அண்ணி, மூட்டுவலி என்றால் அம்மா பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிவிடுகிறார். அப்பா இறந்ததற்குப் பந்தல் போட்டு ஊரைக் கூட்டினோம். அண்ணனுக்கு வந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கல்லூரித் தோழிகள் கேட்டபோது அண்ணன் வெளியூரில் இருக்கிறார் என்றேன். எதையும் வெளியே சொல்லிப் பழக்கமில்லாதவள் நான், உங்களுக்குத் தெரியும். மனநோய் பற்றி அலமாரி நிறையப் படித்திருக்கிறேன். படித்தது எதுவும் அந்தப் பொய்யைச் சொல்லாமல் என்னைத் தடுக்கவில்லை. அதனால்தான் இந்த அறை.

ஆனால் அவருடைய அறை அது. அவர் வாயால் சரி என்று சொல்ல வேண்டும்.

உங்கள் கவி

•

ஜமுனாமரத்தூர் மலை,
30.1.2024

கவிக்கு,

நலம். நீயும் அவ்வாறே இருப்பாய்.

கேட்டேன். சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை. அந்த அறையில் பெயர், ஊர், நோய், எதுவும் எழுதக்கூடாது. ஒரு வரிகூட. யார் கேட்டாலும் வாயால் சொல்லவும் கூடாது. இங்கே மில்லில் யாருக்கும் எதுவும் தெரியாது, அது அப்படியே இருக்கட்டும்.

திறப்புக்கு எங்களால் வர முடியாது. பஸ் ஹாரன் அடிக்கிறது, கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தென்றல்

•

அடி அண்ணாமலை,
26.2.2024

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

இரண்டு நாளாக நின்று நின்று கால் வீங்கியிருக்கிறது, அதைத் தவிர சுகம்தான். நீங்கள் இருவரும் நலமாக இருந்து, இதை உட்கார்ந்து சேர்த்துப் படிக்க வேண்டும். படித்துவிட்டுச் சிரிக்க வேண்டும்.

கண்காட்சி திறந்து இரண்டு வாரம் வரை தினமும் பத்துப் பேர் வந்தால் அதிகம். பௌர்ணமி அன்று சுப்பிரமணி சொன்னபடி கதவை விரியத் திறந்தேன். மஞ்சள் சேலை கட்டிய ஓர் அம்மா முட்டி ஓவியங்களைத் தாண்டி, அப்பாவின் அறையைத் தாண்டி, கடைசி அறைக்குப் போனார். வெறும் நாற்காலி. எதிரே ஜன்னலில் மலை. தரையில் வரிசையாக டம்ளர்கள். சுவரெல்லாம் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவர். ஓர் எழுத்து இல்லை. அந்த அம்மா நின்று பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், நாற்காலிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்.

பின்னால் வந்தவர் அவரைப் பார்த்து விழுந்தார். இந்தப் பாதையில் எத்தனை சமாதிகள், எத்தனை சாமியார்கள் இருந்த அறைகள்! அதில் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் வாசல்வரை வரிசை. டம்ளர்களில் யாரோ பால் ஊற்றிவிட்டார்கள். நாற்காலியின் கையில் விபூதி, வில்வம். வாசலில் பூ விற்கும் திரௌபதியக்கா கூடையோடு உள்ளேயே வந்துவிட்டார்.

"எம்மா, சாமி பேரு இன்னா? கேக்கிறாங்க."

"சாமி இல்லக்கா, இது ஓவியக் கண்காட்சி."

"அது தெரியுது. பேரு இன்னா?"

"பேரு சொல்லக்கூடாது."

"பேரே சொல்லக்கூடாத சாமியா!" அவர் குரல் இறங்கிவிட்டது. "ரொம்பப் பெரிய சாமியா இருக்கும் போல. வாக்கு குடுப்பாரா?"

"பேச மாட்டாரு" என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. அரை மணி நேரத்தில் 'பேசாத சாமி' என்று பாதை முழுக்கப் பரவிவிட்டது. சுப்பிரமணி வந்து பார்த்துவிட்டு, "ராட்டினமே வேணாம்மா, இத்தயே வருசத்துக்கும் வெச்சிக்கலாம்" என்கிறார்.

முதலில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாயங்காலம் ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்து நாற்காலியின் கால்மாட்டில் படுக்க வைத்தார்கள். அப்போதிலிருந்து சிரிப்பு வரவில்லை. இவர் சாமியில்லை, என் அண்ணன், இவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது என்று சொல்ல வாய்வரை வந்தது. உங்களுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து அடக்கிக்கொண்டேன். என்ன செய்யட்டும்? அண்ணனிடம் கேட்டு உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
கவிநிலா

•

ஜமுனாமரத்தூர் மலை,
5.3.2024

கவி,

வழக்கம்போல நலம் கேட்டு ஆரம்பிக்க முடியவில்லை.

உன் அண்ணனிடம் நான் கேட்கவே இல்லை. உன் கடிதங்கள் ஒன்றையும் அவரிடம் காட்டவில்லை. சரி என்றார் என்று எழுதியது பொய். நிபந்தனை என்னுடையது.

இன்னொன்றும் உனக்குச் சொன்னதில்லை. அவர் பேச்சை நிறுத்தியது கார்த்திகை மாதம். பள்ளிக்கூடத்தில் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். மௌன விரதம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஊரில் அதற்குமேல் யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். கேட்கவில்லை. லீவு கொடுத்து, சாமியிடம் எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்கள். அக்கம்பக்கத்துக்கும் அதையே சொன்னேன். டாக்டரிடம் போகும்வரை அத்தையும் அதைத்தான் நம்பினார். சொல்லச் சொல்ல எனக்கே அது பாதி உண்மையாகிவிட்டது.

மூன்றாம் மாதம் எதிர்வீட்டு அருணாதேவி பழத்தட்டோடு வந்தாள். அவள் குழந்தைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. மௌனமாக இருக்கிறவர் கை பட்டால் நல்லது என்றாள். உன் அண்ணனின் கையைத் தூக்கிக் குழந்தையின் தலையில் வைத்தது நான்தான். பிறகு நிறையப் பேர் வந்தார்கள். நீ வரும் ஞாயிறுகளில் தட்டுகளை எடுத்துச் சமையலறையில் மறைத்துவிடுவேன்.

ஏழாம் மாதம் அவர் சாப்பிடுவதையும் விட்டபோதுதான் டாக்டரிடம் போனோம். "ஏம்மா இவ்ளோ நாளு?" என்றார் அவர். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போது நீ எழுதுவதைப் பார்த்தால் அதே தப்பு திரும்ப நடக்கிறது. இந்தத் தடவையும் நான்தான் வாயை மூடச் சொன்னவள்.

தென்றல்

•

அடி அண்ணாமலை,
9.3.2024

அன்புள்ள அண்ணி,

முதலில் நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று தெரிய வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஞாயிறுதோறும் வந்து முதுகை வரைந்துகொண்டு போனவள் உங்களைக் கேட்க என்ன இருக்கிறது? நீங்கள் வாரம் ஏழு நாளும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்.

அறையைப் பூட்டிவிட்டேன். பூட்டின கதவுக்கு வெளியே வில்வம் வைத்துவிட்டுப் போகிறார்கள். என் எல்லாக் கடிதங்களையும் அண்ணனிடம் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கே நாற்காலியை அம்மாவிடம் திருப்பிவிடுகிறேன்.

என்றும் உங்கள்,
கவி

•

ஜமுனாமரத்தூர் மலை,
16.3.2024

கவிநிலாவுக்கு,

அண்ணன் இனியன் எழுதுவது. நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமா?

உன் கடிதங்கள் அரிசி டின்னுக்கு அடியில் இருந்ததை மார்கழியிலேயே பார்த்துவிட்டேன். பிரிக்கவில்லை. அவளாகக் கொடுக்கட்டும் என்று இருந்தேன். போன வாரம் எல்லாவற்றையும் கொண்டுவந்து மடியில் போட்டுவிட்டு அழுதாள். மாடு மரியாதை கொடுத்ததைக்கூட உனக்கு எழுதியிருக்கிறாள் போல.

ஒன்று சொல்கிறேன். நான் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீயும் அப்படித்தான் ஜன்னல் வைத்திருக்கிறாய். நான் மலையைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் கம்பியைத்தான் பார்த்தேன். அதற்கு அந்தப் பக்கம் கண் போகவில்லை. ஆட்கள் காலில் விழும்போது காலை இழுத்துக்கொள்ள நினைப்பேன். கால் வராது. அந்தக் குழந்தையின் தலை சூடாக, வேர்வையாக இருந்தது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அதனால் தென்றல் அதற்காக வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மில்லில் சொல்லிவிட்டேன். குழுத் தலைவி யோசித்துவிட்டு, "அதுக்காண்டிதான் நேத்து மெஷின நிறுத்தாம போனியா?" என்றார். அது வேறு, இது வேறு என்றேன். "ரெண்டுக்கும் ஒரே திட்டுதான்" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

அறையைத் திற. எழுதுவதானால் 'குணமாகிவிட்டார்' என்று எழுதாதே, இன்னும் மாத்திரை போடுகிறேன். எழுதி ஒட்டினால் நடந்து வருகிறவர்கள் நின்று படிப்பார்களா என்றும் தெரியவில்லை. பௌர்ணமிக்கு நானே வருகிறேன்.

அண்ணன்,
இனியன்

•

அடி அண்ணாமலை,
26.3.2024

அன்புள்ள அண்ணிக்கு,

தேர்வு வேலையெல்லாம் நல்லபடி போகிறதா? இங்கே இரண்டு பேரும் சௌக்கியம், ஒருவர் கொஞ்சம் கம்மியாக. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், அண்ணன் பின்னால் வருகிறார்.

பௌர்ணமி அன்று காலை அறையைத் திறந்தேன். ஒன்பது மணிக்கு வரிசை சேர்ந்துவிட்டது. அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என்னிடம் வருவார் என்று பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். என்னைப் பார்த்து வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே சொன்னார்.

திரௌபதியக்கா அவர் கையில் ஒரு முழம் பூவைத் திணித்தார். "சாமிக்குப் போடுங்க. பேசாத சாமி. கேட்டதக் குடுக்கும்."

"நெசமாவா?" என்றார் அண்ணன்.

"எங்க மருமகளுக்குக் குடுத்துச்சே!"

அவர் முறை வந்தது. பூவைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் இருந்த முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நாற்காலியில் இருந்த வில்வத்தை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"யோவ்! எழுந்திருய்யா! சாமி சேர்ல ஒக்கார்ற!" ஒருவர் கையைப் பிடித்தே இழுத்துவிட்டார்.

"நாந்தாங்க அது" என்றார் அண்ணன்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் எழுந்து, திரும்பி உட்கார்ந்து, சுவரில் உள்ள முதுகையும் தன் முதுகையும் காட்டினார். திரௌபதியக்காதான் முதலில் கத்தினார்: "அட ஆமா, அதே கழுத்து!"

"வெரதம் இல்லீங்க" என்றார் அண்ணன். "பேசணும்னு தோணல. அப்புறம் பேசவே முடியல. பதினோரு மாசம். அது ஒரு வியாதி. மாத்திர சாப்ட்டேன், இன்னும் சாப்பிடறேன். மில்லுல வேல செய்றேன்."

கொஞ்சம் பேர் முகம் சுளித்துக்கொண்டு வெளியே போனார்கள். பூவைத் திருப்பிக் கேட்டவரும் உண்டு. சுப்பிரமணி தலையில் கை வைத்துக்கொண்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன். யாரும் கேட்காமலேயே, "என் அண்ணன்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

சேத்துப்பட்டிலிருந்து கிரிவலம் வந்த ஓர் அம்மா மட்டும் போகவில்லை. அண்ணனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எங்க வூட்டுக்காரரு அஞ்சு மாசமா இப்பிடித்தான் கீறாரு. சாமி வந்திருக்குன்னு சொல்றாங்க. நீங்க எந்த டாக்டருகிட்ட போனீங்க?"

அண்ணன் சொன்னார். அரசு ஆஸ்பத்திரியில் எந்த வாசல், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் ஜாஸ்தி இருக்காது என்பதுவரை. அந்த அம்மா எழுந்ததும் இன்னொருவர் உட்கார்ந்தார். அவருக்கு மகளைப் பற்றி. அதற்குப் பிறகு ஒரு பையன், தனக்காகவே கேட்டான். மறுபடியும் வரிசை நின்றுவிட்டது, அண்ணி. மாலை ஐந்து மணிவரை அண்ணன் எழுந்திருக்கவில்லை. நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். பேச்சுக்கு நடுவில் வாங்கிக் குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்றார்.

வருகிற ஞாயிறு கண்காட்சி முடிகிறது. அதுவரை தினமும் காலையில் அந்த அறையில் நான் உட்காரப்போகிறேன். ஆஸ்பத்திரி வாசல் எந்தப் பக்கம் என்று எனக்கும் சொல்லத் தெரியும்.

சாயங்காலம் நாலு மணி பஸ்ஸில் அவர் வந்து இறங்குவார். எப்படி இருக்கிறீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள், அவர் பதில் சொல்லமாட்டார். கையை மட்டும் ஆட்டுவார். பதறாதீர்கள். நேற்று எட்டு மணி நேரம் பேசியதில் தொண்டை கட்டிக்கொண்டு ஒரு சத்தமும் வரவில்லை. வெந்நீரில் உப்பு போட்டு வையுங்கள்.

உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டிருக்கும்,
கவிநிலா